அந்தத் தகடு அங்கே ஏன் இருக்கிறது? – ஒரு பழைய ரிப்பேர் மேனுவலை முன்வைத்து

ரிப்பேர் மேனுவலுக்கெல்லாம் யாராவது விமர்சனம் எழுதுவார்களா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். நாவலுக்கு எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம், ஹோட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறோம். ஒரு வண்டியின் முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது எப்படி என்று சொல்லும் எழுத்தை மட்டும் யாரும் எழுத்தாக மதித்து வாசிப்பதில்லை. நாவல் மோசமாக இருந்தால் ஒரு சாயங்காலம் வீண், அவ்வளவுதான். இந்த எழுத்து மோசமாக இருந்தால் மலைப்பாதையில் வண்டி திருப்பிய பக்கம் திரும்பாது.

நான் இங்கே எடுத்துக்கொள்வது, டொயோட்டா தன் பிக்கப் வண்டிக்கு 1980களின் நடுவில் வெளியிட்ட ரிப்பேர் மேனுவலில் முன் அச்சு பற்றிய அத்தியாயம். அதை மூன்று முறை முழுதாகப் படித்தேன். ஒரு முறை கையில் கிரீஸோடு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் படித்த தொழில்நுட்ப எழுத்துகளில் இது மிகச் சிறந்தவற்றில் ஒன்று. அதில் ஒரே ஒரு வாக்கியம் இல்லை. அந்த ஒரு வாக்கியம் இல்லாததால் நிறைய வண்டிகளில் ஆயில் ஒழுகுகிறது என்பது என் கட்சி.

1. வண்டியும் அதன் முன் அச்சும்

உலகம் முழுக்க ஹைலக்ஸ் என்று அறியப்பட்ட வண்டியை அமெரிக்காவில் பேரே இல்லாமல் 'டிரக்', 'பிக்கப்' என்று விற்றார்கள். அதன் ஃபோர் வீல் டிரைவ் வடிவம் இங்கே 1979 மாடலில் வந்தது. 1985 மாடல் வரை முன்பக்கமும் பின்பக்கம் போலவே இடமிருந்து வலம்வரை ஒரே இரும்பு அச்சு, அதற்குப் பட்டை ஸ்பிரிங். 1986 மாடலில் இரண்டு முன் சக்கரங்களும் தனித்தனியாக அசையும் அமைப்புக்கு மாற்றிவிட்டார்கள். ரோட்டில் ஓட்ட அது சுகம். பாறை மேல் ஏறுகிறவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அதனால் 1985 வரை வந்த வண்டிகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள். நாற்பது வருஷத்தைத் தாண்டிய வண்டி என்றால், முன் அச்சை ஒரு தடவையாவது முழுசாகப் பிரித்துப் பூட்டாமல் ஓட்ட முடியாது.

பின் அச்சுக்கு ஒரே வேலை, சக்கரத்தைச் சுழற்றுவது. முன் அச்சு சுழற்றவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். சாதாரண சிலுவை ஜாயின்ட் ஒன்றை நடுவில் போட்டால் என்ன ஆகும்? சக்கரத்தை 30 டிகிரி திருப்பினால், உள்தண்டு நிமிஷத்துக்கு 100 சுற்று என்று சீராகச் சுழன்றாலும், வெளித்தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 115க்கு ஏறி இரண்டு முறை 87க்கு இறங்கும். அந்தத் துடிப்பு ஸ்டீயரிங் வழியாக ஓட்டுகிறவர் கைக்கு வரும். இதற்கு 1920களில் ஆல்ஃபிரட் ரெசெப்பா ஒரு தீர்வு கண்டார். ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு உள்வளையம், நடுவில் ஒரு கூண்டில் ஆறு எஃகுக் குண்டுகள். எந்தக் கோணத்தில் திருப்பினாலும் குண்டுகள் இரண்டு தண்டுகளுக்கும் சரிபாதியான தளத்தில் நிற்கும், வேகம் மாறாது. டொயோட்டாவில் இருப்பது அந்த வம்சம்தான். மெக்கானிக்குகள் அதை 'பர்ஃபீல்ட்' என்கிறார்கள். அது ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் பெயர், இங்கே பொருளின் பெயராகவே நிலைத்துவிட்டது.

இந்த ஜாயின்டைச் சேறும் தண்ணீரும் படாமல் மூட வேண்டும். அச்சுக் குழாயின் நுனியில் பாதித் தேங்காய் மாதிரி குடைந்த ஒரு இரும்பு உருண்டை. அதைச் சுற்றிக் கவ்வியபடி நக்கிள். நக்கிள்தான் சக்கரத்தைத் தாங்கித் திரும்புகிற பாகம். மேலே ஒரு முளை, கீழே ஒரு முளை, இரண்டிலும் கூம்பு ரோலர் பேரிங். கதவு கீலில் திரும்புகிற மாதிரி நக்கிள் இந்த இரண்டு பேரிங்குகளில் திரும்பும். நம்மூர் மலைப்பாதைகளில் ஓடிய பழைய ஜீப்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்த மூடிய உருண்டை பழக்கமானதுதான். இரண்டாம் உலகப்போர் ஜீப்பிலிருந்தே வரும் ஏற்பாடு.

இப்போது முக்கியமான விஷயம். அச்சுக் குழாய்க்குள் ஓடுவது கியர் ஆயில். உருண்டைக்குள் இருப்பது கெட்டியான மாலிப்டினம் கிரீஸ். இரண்டும் கலக்கக் கூடாது. நடுவில் காவலுக்கு நிற்பது குழாயின் வாயில் அடித்து இறக்கிய ஒரு சின்ன ரப்பர் சீல். அது போனால் ஆயில் உருண்டைக்குள் வந்து கிரீஸைக் கரைத்துவிடும். கருப்பு ரசம் மாதிரி ஒன்று நக்கிளின் பின்பக்கம் வழியும். அதோடு நின்றால் பரவாயில்லை. ஹப்பு பக்கம் கசிந்து பிரேக் டிஸ்க்கிலும் படலாம். கிரீஸ் இல்லாத ஜாயின்ட் திருப்பத்தில் 'டக் டக்' என்று சத்தம் போடும், ஒரு நாள் உடையும்.

ஆக, முழு அச்சையும் பிரிக்க வைப்பது பெரும்பாலும் இந்தச் சின்ன ரப்பர் வளையம்தான்.

2. மேனுவல் நன்றாகச் செய்வது

மேனுவலின் தொடக்கத்தில், இதை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் உண்டு. படம், எதை எங்கே செய்வது என்று காட்டும். தலைப்பு, என்ன செய்வது என்று சொல்லும். கீழே உள்ள விவரம், எப்படிச் செய்வது என்று சொல்லும். அனுபவசாலி தலைப்பை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடலாம், புதியவர் விவரத்தைப் படிக்கலாம். ஒரே பக்கத்தில் இரண்டு வாசகர்கள். மென்பொருள் துறையில் இருபது வருஷமாக ஆவணங்கள் எழுதுகிறோம், இந்த எளிய ஏற்பாட்டை எத்தனை பேர் செய்திருக்கிறோம்?

அத்தியாயம் முழுக்க இந்த ஒழுங்கு குலையாது. இடப்பக்கம் கோட்டோவியம், வலப்பக்கம் வாசகம். ஓவியர் தேவையில்லாத பாகத்தை வரையவே மாட்டார். அம்புக்குறி போகும் திசைதான் கை போகும் திசை. புகைப்படம் போட்டிருந்தால் அழுக்கும் நிழலும் சேர்ந்து ஒன்றும் புரியாது.

இன்னொரு சிறப்பு, பிரிப்பதற்கு எவ்வளவு இடம் தருகிறதோ, பூட்டுவதற்கும் அவ்வளவு தருகிறது. இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் கடையில் கிடைக்கும் பொது மேனுவல்களைப் பார்க்க வேண்டும். 1966இல் தன் முதல் மேனுவலைக் கொண்டுவந்த ஹேன்ஸ் வரிசை ஒரு தலைமுறைக்கே வண்டி வேலை கற்றுக்கொடுத்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கழற்றியதைத் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொள் என்று ஒரே வரியில் முடிக்கும் அவர்கள் வழக்கம் ஒரு ஜோக்காகவே ஆகிவிட்டது. டொயோட்டா பிக்கப்புக்கான அவர்களது புத்தகம் 1979 முதல் 1995 வரை அத்தனை மாடல்களையும் ஒரே அட்டைக்குள் அடக்குகிறது. முழு அச்சு, தனி சஸ்பென்ஷன், டூ வீல் டிரைவ் எல்லாம் ஒன்றாக. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் எத்தனை பக்கம் கிடைக்கும்?

முன் அச்சு வேலையில் தலைகீழ் என்பதே பொய். பிரிக்கும்போது எதையும் அளக்க வேண்டாம். பூட்டும்போதுதான் அளவு. நக்கிள் பேரிங்கைப் பூட்டியபின் ஸ்டீயரிங் கையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, அசையத் தொடங்கும் கணத்தில் முள் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஏறக்குறைய 3 முதல் 6 கிலோ. அதற்குக் குறைந்தால் நக்கிள் தளர்ச்சி, வேகத்தில் ஸ்டீயரிங் உதறும். கூடினால் பேரிங் சீக்கிரம் தேயும், திருப்பினால் வண்டி தானாக நேருக்குத் திரும்பாது. உருண்டைக்குள் கிரீஸ் முக்கால் பாகம். முழுக்க அடைக்கக் கூடாது. இதையெல்லாம் மேனுவல் வரிசைப்படி சொல்கிறது, எதையும் விடுவதில்லை.

சில இடங்களில் வாசகம் கஞ்சத்தனம். நக்கிள் கையைப் பிடித்திருக்கும் நட்டுகளின் கீழே பிளவுபட்ட கூம்பு வாஷர்கள் இருக்கும். நாற்பது வருஷத்தில் அவை ஸ்டட்டோடு ஒட்டிப்போயிருக்கும். அவற்றைப் பித்தளைத் தண்டு வைத்துத் தட்டி எடுக்கச் சொல்லும் இடத்தில், 'தட்டு' என்பதற்கு எவ்வளவு அர்த்தம் என்று காகிதத்தில் தெரியாது. வீடியோவில் பார்த்தால் தெரியும்: ஒருவர் முழங்கை உயர ஓங்கி அடிக்கிறார், பத்தாவது அடியில் வாஷர் துள்ளி விழுகிறது. பித்தளை எதற்கு என்பதும் அப்போது புரியும், இரும்பால் அப்படி அடித்தால் ஸ்டட் கெட்டுவிடும். ஆனால் அந்த மாதிரி வீடியோக்களில் ஸ்பிரிங் தராசு வருவது அபூர்வம். சுத்தியலைக் காட்டினால் பார்க்க நன்றாக இருக்கும். தராசைக் காட்டினால் போரடிக்கும்.

3. இல்லாத வாக்கியம்

இனி ஷிம் தகடுக்கு வருவோம். நக்கிளுக்கும் மேல் முளைக்கும் நடுவே சில மெல்லிய இரும்புத் தகடுகள். கீழ் முளையிலும் அப்படியே. சில தகடுகள் காகிதம் போல மெலிது. மேனுவல் இங்கே ஒரு ஸ்பெஷல் கருவியைக் கேட்கிறது. அதை உருண்டைக்குள் பேரிங்குகளோடு மாட்டு, கோடு கீறு, அளந்து பார், பட்டியலில் மேல் ஷிம் இவ்வளவு, கீழ் ஷிம் இவ்வளவு என்று எடுத்துக்கொள். முடிந்தது.

எதற்கு என்று சொல்லவில்லை.

கொஞ்சம் யோசித்தால் கிடைக்கிறது. மேல் தகடு, கீழ் தகடு இரண்டின் மொத்தக் கனம் பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. தகட்டை எடுத்தால் முளைகள் உள்ளே நகரும், இறுக்கம் கூடும். தகடு சேர்த்தால் குறையும். இது ஒரு வேலை. இன்னொரு வேலையும் உண்டு. மொத்தத்தை மாற்றாமல் கீழே இருந்து ஒரு தகட்டை எடுத்து மேலே வைத்தால் என்ன ஆகும்? இறுக்கம் அப்படியே இருக்கும், தராசு அதே எண்ணைக் காட்டும். ஆனால் நக்கிள் முழுக்க அந்தத் தகட்டின் கனம் அளவுக்குக் கீழே இறங்கிவிடும். நக்கிளோடு அதன் நடுவே போகும் தண்டும் இறங்கும். தண்டு அந்தச் சின்ன ரப்பர் சீலின் மையத்தில் ஓடாமல் கீழ் ஓரத்தை அழுத்திக்கொண்டு ஓடும்.

பள்ளிக்கூடக் கணக்காகச் சொன்னால், கூட்டல் இறுக்கத்தைத் தருகிறது, கழித்தல் மையத்தைத் தருகிறது. இரண்டு தெரியாத எண்களுக்கு இரண்டு சமன்பாடு வேண்டும். ஸ்பிரிங் தராசு ஒரு சமன்பாட்டை மட்டும்தான் சோதிக்கிறது. அந்த ஸ்பெஷல் கருவி இரண்டாவது சமன்பாடு. மேனுவல் இரண்டையும் கொடுக்கிறது, ஆனால் அவை இரண்டு என்று சொல்லவில்லை.

விளைவு என்ன? கருவி இல்லாத மெக்கானிக், அதாவது டீலர்ஷிப்புக்கு வெளியே இருக்கிற ஏறக்குறைய எல்லாரும், அந்தப் படியைத் தாண்டுகிறார். தராசில் சரியான எண் வரும்வரை கைக்கு வந்த பக்கம் தகடு போடுகிறார். எண் வந்துவிட்டது, எனவே வேலை சரி என்று நினைக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. எதற்கு என்று சொல்லாத ஒரு படியை, கருவியும் இல்லாதபோது, யாராக இருந்தாலும் தாண்டத்தான் செய்வார்.

4. ஒரு வண்டியின் சாட்சி

இது வெறும் காகிதத்து வாதம் இல்லை. இங்கே கொலராடோவில் நண்பர் ஒருவரிடம் 1983 மாடல் பிக்கப் இருக்கிறது. அவருடைய பதினேழு வயதுப் பையன் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வது அதில்தான். அதனால் அவருக்கு இந்த ஒழுகல் வெறும் அழுக்குப் பிரச்சினையாக இல்லை. இடது முன் சீலை ஒரு பட்டறையில் மாற்றினார். பத்து மாதத்தில் கருப்பு ரசம். அதே பட்டறையில் மறுபடி மாற்றினார். எட்டு மாதத்தில் மறுபடி. "பழைய வண்டி சார், இப்படித்தான் இருக்கும்" என்ற பொருளில் ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வண்டியை விற்றுவிடலாமா என்ற யோசனைக்கு அவர் வந்துவிட்டார்.

மூன்றாவது முறை நாங்கள் பிரித்தபோது பழைய சீலை எறியாமல் கழுவிப் பார்த்தோம். ரப்பர் உதடு மேல்பாதியில் புதுசு மாதிரி இருந்தது, கீழ்ப்பாதியில் தேய்ந்து தட்டையாகியிருந்தது. சீல் சுழலாது, குழாயில் நிலையாக உட்கார்ந்திருக்கும். எனவே ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால், தண்டு எப்போதும் அந்தப் பக்கமே அழுத்திக்கொண்டிருந்தது என்று அர்த்தம். தகடுகளைப் பார்த்தோம். எல்லாம் மேலே, கீழே ஒன்றுகூட இல்லை. பிரிப்பதற்கு முன்பு தராசு வைத்து இழுத்தபோது எண் சரியாகவே இருந்தது. முதல் சமன்பாடு பாஸ், இரண்டாவது ஃபெயில்.

பழைய லேண்ட் குரூசர்களைப் பராமரிக்கும் ஒருவர் பிக்கப்புக்கான கருவியையும் வைத்திருந்தார், இரவல் தந்தார். பெரிய மர்மம் ஒன்றும் இல்லை அதில். இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கும் ஒரு தண்டு, அதில் குழாயின் மையம் எங்கே விழுகிறது என்று குறிக்க ஒரு வழி. அளந்ததில் மேலே இருந்த தகடுகளில் கணிசமான பங்கு கீழே போனது. பதினைந்து மாதம் ஆகிறது, இதுவரை ஒழுகவில்லை. ஒரே ஒரு வண்டி எதையும் நிரூபிக்காது, தெரியும். ஆனால் மூன்று முறையும் போட்டது புது சீல்தான். மூன்றாவது முறை மாறியது மையம் மட்டும்.

இப்போது தடித்த, மையம் கொஞ்சம் விலகினாலும் தாங்கும் சீல்கள் வெளிச்சந்தையில் கிடைக்கின்றன. நல்ல பொருள்தான், நண்பரும் அடுத்த முறை போடலாம். ஆனால் காரணம் தெரியாமல் அதைப் போடுவது காய்ச்சலுக்கு மாத்திரை போடுவது மாதிரி. காய்ச்சல் இறங்கும், ஏன் வந்தது என்று தெரியாது.

5. எதிர்வாதம்

டொயோட்டா தரப்பில் ஒரு நல்ல பதில் இருக்கிறது. அந்த மேனுவல் பொதுமக்களுக்கு எழுதியது இல்லை. பயிற்சி பெற்ற, கருவி அலமாரி பக்கத்தில் இருக்கிற டீலர்ஷிப் மெக்கானிக்குக்கு எழுதியது. 'ஏன்' என்பது பயிற்சி வகுப்பில் சொல்ல வேண்டியது. பல நாட்டு மொழிகளுக்குப் போகும் புத்தகத்தில் விளக்கம் கூடக்கூட மொழிபெயர்ப்பில் பிழையும் கூடும். படமும் எண்ணும் மட்டும் வழி தவறாமல் போய்ச் சேரும்.

இது பலமான வாதம். இதற்கு எதிர்த்துருவத்தில் இருப்பது ஜான் மியூர் 1969இல் ஃபோக்ஸ்வேகன் வண்டிகளுக்கு எழுதிய புகழ்பெற்ற கையேடு. அதில் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுதுவார். பீட்டர் அஷ்வாண்டனின் ஓவியங்களைப் பார்க்கவே வாங்கலாம். ஒன்றும் தெரியாதவருக்கு அது தைரியம் கொடுத்தது. ஆனால் இரண்டாம் முறை வேலை செய்பவருக்கு ஒரு எண் வேண்டும்போது, அந்தப் பேச்சு முழுவதையும் தாண்டித் தேட வேண்டியிருக்கும். டொயோட்டா அத்தியாயத்தை மியூர் மாதிரி எழுதியிருந்தால் நானே குறை சொல்லியிருப்பேன். கம்ப்யூட்டர் மேனுவல்கள் எழுதிப் பிழைத்த ராபர்ட் பிர்சிக் 1974இல் மோட்டார் சைக்கிள் நாவலில் கேட்டதும் இதே கேள்விதான்: வேலைக்கும் வேலை செய்பவனுக்கும் உள்ள உறவைக் கையேடு ஏன் விட்டுவிடுகிறது?

எனக்கு இந்த இரண்டு துருவமும் வேண்டாம். டீலர்ஷிப் மெக்கானிக்கை மனதில் வைத்து எழுதியது 1985இல் சரி. ஆனால் ஒரு எழுத்து தன் முதல் வாசகரைவிட அதிக நாள் வாழும். அந்த மெக்கானிக் ஓய்வு பெற்றுவிட்டார், பயிற்சி வகுப்பு மூடியாகிவிட்டது, கருவி அலமாரி யார் வீட்டுக் கொட்டகையில் கிடக்கிறதோ. வண்டி மட்டும் ஓடுகிறது, மேனுவல் மட்டும் கைமாறுகிறது. வகுப்பில் வாயால் சொன்ன 'ஏன்' முதலில் செத்துப்போகிறது, புத்தகத்தில் அச்சான 'எப்படி' அனாதையாக நிற்கிறது.

என் தொழிலில் இது தினசரிக் காட்சி. யாரோ எழுதிவிட்டுப் போன நிரலில் ஒரு விசித்திரமான வரி இருக்கும். என்ன செய்கிறது என்று குறிப்பும் இருக்கும். ஏன் என்று இருக்காது. புதிதாக வருபவர் தேவையில்லாத வரி என்று நீக்குவார். சோதனைகள் எல்லாம் பாஸ் ஆகும். ஆறு மாதம் கழித்து வேறெங்கோ ஒழுகும். தராசில் எண் சரியாக வந்த அந்த நக்கிளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

6. ஓரத்தில் எழுத வேண்டியது

எவ்வளவு 'ஏன்' போதும்? ஒவ்வொரு நட்டுக்கும் தத்துவம் சொன்னால் புத்தகம் தூக்க முடியாது. என் அளவுகோல் இது: ஒரு படியைத் தாண்டினாலும், வேலை முடிந்த அன்றைக்கு எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியுமானால், அந்தப் படிக்குக் காரணம் எழுதியே ஆக வேண்டும். ஸ்னாப் ரிங்கை மாட்ட மறந்தால் அது மீந்து கையிலேயே நிற்கும், அதற்கு விளக்கம் தேவையில்லை. ஷிம்மின் மையம் அப்படி இல்லை. அன்றைக்கு ஒன்றும் தெரியாது, பத்து மாதம் கழித்துத்தான் தெரியும்.

அந்த அளவுகோலை வைத்து முன் அச்சு அத்தியாயத்தைச் சலித்தால் அதிகம் தேறவில்லை. மூன்றே இடம். நண்பரின் மேனுவல் நகலில் அந்த மூன்று இடத்திலும் பென்சிலால் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

ஷிம் பக்கத்தில்: "மொத்தக் கனம் பேரிங் இறுக்கத்துக்கு; மேல்-கீழ் பங்கீடு தண்டு சீலின் நடுவில் ஓடுவதற்கு. தராசு முதலாவதை மட்டுமே காட்டும். கருவி இல்லையென்றால், பிரிக்கும்போதே ஒவ்வொரு பக்கத் தகட்டையும் அதனதன் முளையோடு கம்பி போட்டுக் கட்டி வை, இடம் மாற்றாதே. ஏற்கெனவே யாராவது மாற்றியிருந்தால் கருவியைத் தேடு."

நக்கிள் கை ஸ்டட்டுகள் பக்கத்தில்: "வாஷர் கூம்பு துருவோ பெயின்ட்டோ இல்லாமல் உட்கார வேண்டும்; இல்லையென்றால் இன்றைய இறுக்கம் நாளைக்கு இருக்காது. இந்த ஸ்டட்டுகள் போனால் ஸ்டீயரிங் போனது. கொஞ்சம் ஓட்டியபின் மறுபடி டார்க் பார்."

கிரீஸ் பக்கத்தில்: "ஸ்பிண்டிலுக்குள் இருக்கிற பித்தளை புஷ்ஷுக்கும் கிரீஸ் வேண்டும், உருண்டையில் வைத்தது தானாக அங்கே போகாது."

பையன் அந்த ஓரக் குறிப்புகளைப் படித்துவிட்டு, "அங்கிள், வீல் பேரிங் பக்கத்துக்கு ஏன் எழுதவில்லை?" என்று கேட்டான். வீல் பேரிங் தளர்ந்திருந்தால் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினாலே தெரியும், அதனால்தான் என்றேன். போய் ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தான். அசையவில்லை.